வராதவர்களைத் தேடிப்போன வேட்பாளர்

எங்கள் சர்ச் தெருவில் அக்காக்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் வெறுமனே 'அக்கா' என்று யாராவது சொன்னால் அது இவரைத்தான். குள்ளமான உருவம். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் உட்காருவதற்கு முன் குதிகாலைத் தூக்கி நின்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே வருவார். உதடு மட்டும் லேசாக அசையும். பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, "யாரு வர்ல?" என்பார்.

கல்யாணமோ, சர்ச் மீட்டிங்கோ, கிறிஸ்துமஸ் சாப்பாடோ, முதலில் இந்தக் கேள்விதான். பதில் கிடைத்தால் கிளம்பிவிடுவார். ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் பந்தியில் எல்லோரும் இலை முன் உட்கார்ந்தாகிவிட்டது. இவர் மட்டும் எழுந்து போனார். குழாயடியில் இவரோடு சண்டை போட்டு எட்டு மாதமாகப் பேசாமலிருந்த ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் அங்கேயே நின்றார். கடைசியில் இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது பிரியாணி ஆறிப்போயிருந்தது. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து துன்னுட்டுப் போனார்கள்.

இதனால் வீட்டுக்குள் கஷ்டம் இல்லாமல் இல்லை. அவருடைய மகள் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். மாதம் ஒரு தடவை லீவில் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது தனியாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே என்று கேட்டேன். யாரோ மகளிர் சங்கத்துக்கு வரவில்லையாம், பார்க்கப் போயிருக்கிறார் என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கம்மாவுக்கு வந்தவங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க ஆன்ட்டி. வராதவங்கதான் தெரிவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது எனக்கு வேடிக்கையாகப் படவில்லை.

நான் அவரை நெருங்கிப் பார்த்தது மாம்பழ சீசன் ஒன்றில். ஆந்திராவில் எங்கள் சித்தூரைச் சுற்றி மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரிகள் நிறைய உண்டு. எங்கள் பக்கம் ஜூஸ் ஃபேக்டரி என்போம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு சீசன் நானும் அப்படி ஒன்றுக்கு வேலைக்குப் போனேன். அக்கா அங்கே தோத்தாபுரி மாம்பழம் வெட்டுகிற டேபிளில் பல வருஷமாக இருந்தார். காலை பஸ்ஸில் ஒன்றாகப் போவோம், ஒன்றாக வருவோம்.

ஒரு நாள் மேனேஜர், பெண்களுக்கு என்ன குறை இருக்கிறதோ சொல்லலாம் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார். நல்ல மனுஷன். உண்மையாகவே கேட்டார். நாங்கள் கையுறை வேண்டும், மாங்காய்ப் பால் பட்டுக் கை வெந்துபோகிறது என்று சொல்லத் தயாராக வந்திருந்தோம். அக்கா வழக்கம்போல எம்பி நின்று பார்த்துவிட்டு, கொட்டையும் தோலும் அள்ளுகிற பெண்களைக் காணோமே என்றார். அவர்கள் கான்ட்ராக்டில் வந்தவர்கள், கம்பெனி ஆட்கள் இல்லை என்று சூப்பர்வைசர் சொன்னார். அக்கா அதற்கு ஒன்றும் வாதாடவில்லை. பின்பக்கம் போய் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் பேசுவதற்குக் கூச்சப்பட்டார்கள். பிறகு அதில் ஒருத்தி, புடவையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். பின்பக்கத் தரையில் வழுக்கி விழுந்து காலெல்லாம் கன்றிப்போயிருந்தது. அந்தச் சீசனில் அவள் மட்டும் மூன்று தடவை விழுந்திருக்கிறாள். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அங்கே ரப்பர் பாய் விரித்தார்கள். கையுறை அதற்கப்புறம்தான் வந்தது. எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்த வருஷம் நான் கம்ப்யூட்டரில் டிடிபி கற்றுக்கொண்டு சித்தூரில் ஒரு பிரஸ்ஸில் சேர்ந்துவிட்டேன். தமிழ், தெலுங்கு இரண்டிலும் அடிப்பேன். அக்கா ஜூஸ் ஃபேக்டரியிலேயே இருந்தார். பஸ் மட்டும் ஒரே பஸ்.

எங்கள் பஞ்சாயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்ணீர் டேங்க் எங்கள் சர்ச் தெருவை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரே பைப் லைன். முதலில் சர்ச் தெரு, அப்புறம் பெரிய தெரு, அதைத் தாண்டி வாய்க்கால் மேல் ஒரு சின்னக் கல்வெர்ட், கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரைக் காலனி. வாட்டர்மேன் தண்ணீரைத் திறந்தால் நாங்கள் பிடித்து, பெரிய தெரு பிடித்து, மீதி இருந்தால் காலனிக்குப் போகும். வெயில் காலத்தில் மீதி இருக்காது.

கிராம சபைக் கூட்டம் ஒன்றுக்கு அக்கா போயிருந்தார். வேலை நாள், காலை பதினொரு மணி. அவருக்கு அன்று ஃபேக்டரி இல்லை. எம்பி நின்று பார்த்தார். காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. கேட்டதற்கு, தண்டோரா போட்டோம், அவர்கள் வரவில்லை என்றார்கள். இவர் நடந்தே காலனிக்குப் போனார். தண்டோரா கல்வெர்ட்டோடு திரும்பிவிட்டது என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. ஆறு பெண்களை அழைத்துக்கொண்டு வேகவேகமாக வந்தார். வந்து பார்த்தால் கூட்டம் முடிந்து, டீ குடித்த பேப்பர் கப்புகளைத்தான் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் சாயங்கால பஸ்ஸில் இதை என்னிடம் சொல்லிவிட்டு, வரப்போகிற சர்ப்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர் எலெக்ஷனில் தான் நிற்கப்போவதாகச் சொன்னார். அந்தத் தடவை எங்கள் பஞ்சாயத்து பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய தெருவில் ஒரு பெரிய குடும்பம் தங்கள் வீட்டு மருமகளை நிறுத்துவதாகப் பேச்சு. மருமகள் பேருக்குத்தான், எல்லாம் அவள் புருஷன் பார்த்துக்கொள்வான் என்று அவர்களே வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாமினேஷன் எழுத நான்தான் கூடப் போனேன். அக்காவுக்குத் தெலுங்கு சரளமாகப் பேசவரும், படிக்க வராது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் படித்தவர். படிப்பு என்ற இடத்தில் என்ன எழுத என்று கேட்டேன்.

"ஒம்பதாவது பாதியில நின்னேன். நைனாவுக்கு ஒடம்பு சரியில்ல, வேலைக்குப் போய்க்கினு இருந்தேன். ஏன் வர்லன்னு ஒருத்தரும் வந்து கேக்கல."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அதைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. எட்டாவது பாஸ் என்று எழுதினேன். கையெழுத்தைத் தமிழில் போட்டார். தெலுங்கில் போட்டால் நல்லது என்று அங்கிருந்த ஒருவர் சொன்னதற்கு, மனு உங்களுது, கையெழுத்து என்னுது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதிகாரியும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

சின்னம் கத்தரிக்கோல் கிடைத்தது. தண்ணியை வெட்டுறதுக்குத்தான் இது என்று பெரிய தெருவில் கிண்டல் செய்தார்கள். அதில் விஷயம் இருந்தது. அக்காவின் திட்டத்தில் முதல் வரியே தண்ணீர்தான். பிரஸ்ஸுக்கு மத்தியானம் வந்து, நான் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வாரத்தில் இரண்டு நாள் சர்ச் தெரு, பெரிய தெரு என்ற மேல் தெருக்களின் வால்வை அரை மணி நேரம் மூடி, முதல் தண்ணீர் காலனிக்கு விட வேண்டும். கிராம சபையை வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய மாதிரி ஞாயிறு மத்தியானம் வைக்க வேண்டும். தண்டோரா கடைசி வீடு வரை போக வேண்டும். பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாம் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்ட வேண்டும், படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். ரோடு போடுகிறேன், லைட் போடுகிறேன் என்று ஒன்றும் இல்லை. கொஞ்சம் சேர்க்கலாமே என்றேன். அதெல்லாம் யார் வந்தாலும் போடுவார்கள் என்றார்.

அக்காவின் புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினோம். எங்கள் சர்ச் தெருவில் முதலில் முணுமுணுத்தார்கள். நம்ம தண்ணியை நம்ம தெருக்காரியே மூடுவாளா என்று. அக்கா வீடு வீடாக உட்கார்ந்து பேசி, பாதிப் பேரையாவது சம்மதிக்கவைத்தார். ஆனால் ஓட்டு எங்கள் தெருவில் இல்லை. பெரிய தெருவில்தான் இருந்தது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழ், மறு பக்கம் தெலுங்கு. பெரிய தெருவில் தெலுங்குதான் படிப்பார்கள். தமிழ்ப் பக்கத்தில் அக்கா சொன்னதை அப்படியே அடித்தேன். தெலுங்குப் பக்கத்தில் முதல் வரியை மட்டும், எல்லாத் தெருவுக்கும் போதுமான தண்ணீர் தருவோம் என்று மாற்றிவிட்டேன். வால்வு, அரை மணி நேரம் எதுவும் இல்லை. அவர் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் செய்தேன். ஜெயித்து வந்த பிறகு அவர் நினைத்ததைச் செய்யட்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டுப்பதிவுக்கு ஆறு நாள் முன்னால் பெரிய தெருக்காரர் ஒருவர் அக்காவை நிறுத்தி, எங்க பைப்பைத் தொடமாட்டேன்னு எழுதியிருக்கிறது சந்தோஷம் என்று சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. லீவில் வந்திருந்த மகளிடம் நோட்டீஸின் தெலுங்குப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் பிரஸ்ஸுக்கு வந்தார். நான் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நோட்டீஸை எதிரே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குரலே உயரவில்லை.

"என் நோட்டீஸ்லயே நான் இல்லியேம்மா," என்றார்.

ஜெயிக்கிறதுக்காகத்தான் அக்கா என்றேன். படிக்கத் தெரியாதவளை ஏமாற்றுவது ரொம்ப ஈசி என்று இப்போது தனக்கும் தெரிகிறது என்றார். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. ஏதோ புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்ட மாதிரி, யோசித்தபடி சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. பிறகு, சரியான வரியைத் தெலுங்கில் அடித்து எடுத்துக்கொள், சாயங்காலம் பெரிய தெருவுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மூன்று சாயங்காலம் பெரிய தெரு முழுக்க வீடு வீடாகப் போனோம். மைக் இல்லை. கதவைத் தட்டுவார். முன்னால் கொடுத்த நோட்டீஸில் தப்பாக வந்துவிட்டது என்று சொல்வார். யார் செய்த தப்பு என்று ஒரு வீட்டிலும் சொல்லவில்லை. நான் சரியான வரியைத் தெலுங்கில் வாசிக்க வேண்டும். முதல் வீட்டில் என் குரல் வெளியே வரவில்லை. பத்தாவது வீட்டில் மனப்பாடமாகிவிட்டது. சிலர் காபி கொடுத்தார்கள். சிலர் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் வயதான பெண்மணி ஒருவர், நல்ல மாதிரி, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இதை எலெக்ஷன் முடிந்து சொல்லியிருக்கலாமே, இப்போது எதற்கு வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறாய் என்று.

"அப்பறம் சொன்னா, நீங்க ஓட்டுப் போட்டது வேற ஒருத்திக்குன்னு ஆயிடும்மா," என்றார் அக்கா.

தோற்றுப்போனார். ஓட்டுப்பதிவு முடிந்த அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்தில் எண்ணி முடித்துவிட்டார்கள். வித்தியாசம் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவுதான். நான் வேப்பமரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். பெரிய வீட்டு மருமகளுக்கு மாலை வந்தது. அதை வாங்கிப் புருஷன் போட்டுக்கொண்டார். அக்கா போய் அந்தப் பெண்ணிடம் கைகொடுத்துவிட்டு வந்தார். வந்ததும், எங்கள் ஏஜென்ட்டாக உள்ளே உட்கார்ந்திருந்தவரிடமிருந்து வாக்காளர் லிஸ்ட்டை வாங்கினார். யார் யார் ஓட்டுப் போட வரவில்லை என்று அதில் டிக் விழாத பெயர்களைத் தேட ஆரம்பித்தார்.

இப்போது எதற்கு அக்கா, எல்லாம்தான் முடிந்துபோயிற்றே என்றேன். எலெக்ஷன்தானே முடிந்தது என்றார்.

அந்த லிஸ்ட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சுற்றினார். காலனியில் இரண்டு பெண்கள் திருப்பதியில் வேலை செய்வதாகத் தெரிந்ததும் ஒரு ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு பஸ் ஏறினார். நான் ஏன் போனேன் என்று கேட்டால், அவர் கூப்பிட்டு மறுக்கிற யோக்கியதை எனக்கு அப்போது இல்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் அந்த இரண்டு பேரும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் வழியாகப் போனோம். அக்காவைப் பார்த்ததும் இருவரும் பயந்துபோனார்கள். அதில் மூத்தவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீதான் தோத்துட்டியேக்கா. இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"ஓட்டுக் கேக்க வர்லம்மா. ஏன் வர்லன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் குழாயை மூடினாள். பிறகு சொன்னாள். லீவு கேட்டார்களாம், ஹோட்டலில் கூட்டம் அதிகமான நாள், முடியாது என்றுவிட்டார்களாம். அக்கா முன்பக்கம் போய் முதலாளியிடம் பேசினார். சண்டை போடவில்லை. அடுத்த எலெக்ஷனுக்கும் கிராம சபைக்கும் இவர்களை அனுப்பிவைக்க முடியுமா என்று கேட்டார். அந்த மனுஷனுக்கு என்ன தோன்றியதோ, சரி என்று தலையாட்டிவிட்டார்.

புதிய பஞ்சாயத்து வந்த பிறகு முதல் கிராம சபை. காலனிக்காரர்கள் மனு எழுதிக் கொடுத்து ஞாயிறு மத்தியானமாக மாற்றியிருந்தார்கள். எழுதச் சொன்னது அக்கா, எழுதியது நான். தண்டோராக்காரனோடு அக்காவே கல்வெர்ட்டைத் தாண்டி நடந்துபோனார். அன்றைக்குப் பஞ்சாயத்து ஆபீஸ் நிறைந்துவிட்டது. காலனிப் பெண்கள் வராண்டா வரை உட்கார்ந்திருந்தார்கள். திருப்பதியிலிருந்து அந்த மூத்தவளும் வந்திருந்தாள். சர்ப்பஞ்ச் நாற்காலியில் சர்ப்பஞ்சின் புருஷன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செக்ரட்டரி ரிஜிஸ்டரை விரித்துவைத்திருந்தார்.

அக்கா எம்பி நின்று பார்த்தார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு நான் நினைத்தேன், இனிமேல் கேட்க ஒன்றுமில்லை, எல்லோரும் வந்தாகிவிட்டது என்று.

"சர்ப்பஞ்ச் வர்லியே," என்றார் அக்கா, தெலுங்கில்.

செக்ரட்டரி ரிஜிஸ்டரைப் பார்த்தார். அந்தப் புருஷன், வீட்டில் வேலையாக இருக்கிறாள், கையெழுத்து அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு பெரிய தெருவைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அந்தப் பெண் கொல்லைப்பக்கம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முப்பது வயதுக்குமேல் இராது. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தோற்கடித்தவள் தோற்றவளைப் பார்க்கிற பார்வை அதில் இல்லை, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி நின்றாள். மாமியார் உள்ளேயிருந்து யார் என்று கேட்டார். அக்கா, கூட்டத்துக்கு ஜனம் எல்லாம் வந்துவிட்டது, உங்களுக்காகத்தான் காத்திருக்கிறது என்றார். அவள் தன் புடவையைப் பார்த்தாள். மாற்றிக்கொண்டு வாங்க, நாங்கள் வாசலில் இருக்கிறோம் என்றார் அக்கா. மாமியார் ஏதோ சொன்னார். உள்ளே கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்டது. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். வெயில் சுட்டுக்கொண்டிருந்தது. அக்கா குடையை விரித்துக்கொண்டு நின்றார். நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, அக்கா குடையை அவள் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார்.

ஆபீஸ் வாசலில் அவளைப் பார்த்ததும் காலனிப் பெண்கள் எழுந்து நின்றார்கள். அவர்கள் எழுந்ததால் மற்றவர்களும் எழுந்தார்கள். அப்புறம் அந்தப் புருஷன் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பெஞ்சுக்குப் போனார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். செக்ரட்டரி ரிஜிஸ்டரை நீட்டி, கையெழுத்து போடவேண்டிய இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை வாங்கவில்லை. படித்துவிட்டுப் போடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்தவள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பக்கம் பக்கமாக, தடங்கல் இல்லாமல், சத்தமாகத் தெலுங்கில் வாசித்தாள். குடிநீர் என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். எல்லாத் தெருவுக்கும் சீராகத் தண்ணீர் வழங்கப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது. அவள் தலையைத் தூக்கி வராண்டாவைப் பார்த்து, உங்களுக்குக் கடைசியாக என்றைக்குத் தண்ணீர் வந்தது என்று கேட்டாள்.

திருப்பதியிலிருந்து வந்திருந்த மூத்தவள் எழுந்தாள். போன பத்து நாளில் ஒரு நாள், இரண்டு குடம் என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள் சர்ப்பஞ்ச். வாரத்தில் இரண்டு நாள் மேல் வால்வு அரை மணி நேரம் மூடுவது என்று அன்றைக்கே தீர்மானம் ஆனது. பெரிய தெருவில் ஒரு மாதம் கத்தினார்கள், பிறகு அந்த இரண்டு நாளுக்கும் முந்தின நாளே பிடித்துவைக்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் தெருவும்தான்.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குள் ஆற்றாமையாக இருந்தது. நான் மட்டும் அந்தத் தெலுங்கு வரியில் கை வைக்காமல் இருந்திருந்தால், அந்தக் கடைசி நாட்களில் அப்படி வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொல்லும்படி ஆகாமல் இருந்திருந்தால், நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், இதையெல்லாம் நீங்களே செய்திருப்பீர்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆகியிருந்தது.

அக்கா நடையை நிறுத்தவில்லை.

"செஞ்சிருப்பேன்," என்றார். "அந்தப் பொண்ணு இன்னும் அரிசி களைஞ்சிக்கினு இருந்திருப்பா."